ஒளு முடிந்துவிட்டது, குழாயை மூடுங்கள்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். எனக்கு 31 வயது. பிறந்தது குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது ஆம்பூர். கணவர் தோல் ஷாப்பில் சூப்பர்வைசர். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டு. மகன் பிறந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவி ஒளு செய்யும்போது ஏதோ ஓர் இடம் நனையவில்லை என்று தோன்றும், திரும்பக் கழுவுவேன். இப்போது ஒரு ஒளுவுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. மாமியார் கோபத்தில் மோட்டாரை நிறுத்திவிடுகிறார். கணவரின் வேலைத் துணி நஜீஸோ, அசுத்தமோ என்று மூன்று தடவை தனியாக அலசுகிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன், அங்குள்ள பாத்ரூமை நினைத்தே வேலையை விட்டுவிட்டேன். தொழுகையில் நின்றால் அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்ல முடியாத எண்ணங்கள் வருகின்றன. போன ரமலானுக்குப் பிறகு தொழுவதையே நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டு தொழுகை விரிப்பான முஸல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஓதிப் பார்ப்பவரிடம் அழைத்துப் போனார்கள். ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனம் என்றார், தாயத்து கட்டினார். நான் முனாஃபிக், நம்பிக்கை இருப்பதாக வேஷம் போடுகிறவள் ஆகிவிட்டேனா? பாகாயம் மனநல மையத்துக்குப் போனால் பைத்தியம் என்று பேர் வரும், நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயமாக இருக்கிறது. அவளும் இப்போது கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். என்ன செய்வது?

பெயர் வேண்டாம், ஆம்பூர்.

பதில்:

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முனாஃபிக் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது ஒரு நோய். மருத்துவத்தில் இதை ஓசிடி என்கிறோம், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். நம் வீடுகளில் காலம் காலமாக வஸ்வாஸ் என்று சொல்லிவருவதும் பல நேரம் இதைத்தான். நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் சில பெண்களுக்கு இது புதிதாகத் தலைகாட்டும், ஏற்கெனவே லேசாக இருந்தவர்களுக்குக் கூடும். உங்கள் மகன் பிறந்ததிலிருந்து கணக்கு வைத்துப் பார்த்தால் அதுவே தெரிகிறது. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

நானும் ஐந்து வேளை தொழுகிறவள்தான். அதனால் தொழாமல் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று எனக்குப் புரிகிறது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் இந்த நோயுள்ள பெண்கள் என் எதிரே உட்கார்ந்ததும் கைகளைப் புர்காவுக்குள் இழுத்துக்கொள்வார்கள். கேட்டால்தான் காட்டுவார்கள். விரல் கணுக்களில் தோல் வெடித்திருக்கும், நகத்தைச் சுற்றி வெளுத்து ஊறிப்போயிருக்கும். உங்கள் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி படுக்கும்போது தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். தோல் வெடித்து ரத்தம் கசிகிற அளவுக்குப் போயிருந்தால் அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முழங்கையின் பின்பக்கம் நனைந்ததா என்று ஒரு சந்தேகம் வருகிறது. இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரும், வந்த வேகத்தில் போய்விடும். உங்களுக்கு அது போகாமல் நிற்கிறது, கூடவே நெஞ்சைப் பிசைகிற ஒரு பயமும் வருகிறது. ஒளு கூடவில்லை என்றால் தொழுகை கூடாது, தொழுகை கூடாவிட்டால் நாளை மறுமையில் என்ன பதில் சொல்வது என்று அது இழுத்துக்கொண்டே போகிறது. அந்தப் பயம் தாங்காமல் இன்னொரு தரம் கழுவுகிறீர்கள். ஒரு நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் இங்கே வினை. கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த வேளை சந்தேகத்தை இன்னும் உரக்க எழுப்புகிறது. கந்துவட்டிக்காரனுக்கு வட்டி கட்டுவது மாதிரி, எவ்வளவு கட்டினாலும் அசல் குறையாது, கட்டுகிறவள் என்று தெரிந்ததும் அவன் வாசலில் வந்து நிற்பதும் குறையாது.

தொழுகையில் வரும் அந்த எண்ணங்களும் இதே நோயின் இன்னொரு முகம்தான். மனிதர் எதை உயிராக நினைக்கிறாரோ அதைத்தான் இது போய்ப் பிடிக்கும். குழந்தையை உயிராக நினைக்கும் தாய்க்கு, கையில் கத்தியை எடுத்ததும் குழந்தையைக் குத்திவிடுவோமோ என்று எண்ணம் வரும். அவள் ஒருநாளும் குத்தமாட்டாள், எண்ணம் வந்ததற்கே நடுங்கிப்போய்க் கத்தியை ஒளித்துவைப்பாள். அல்லாஹ்வை உயிராக நினைக்கும் உங்களுக்கு அவனைப் பற்றி வருகிறது. ஈமான் இல்லாதவருக்கு இந்த எண்ணம் வந்தால் அவர் ஏன் பதறப்போகிறார்?

இதை நபித்தோழர்களான ஸஹாபாக்களே நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார்கள். வாயால் சொல்லவே பெரும் பாவமாகத் தோன்றும் விஷயங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றன என்றார்கள். உண்மையிலேயே அப்படி உணர்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அதுதான் தெளிவான ஈமான் என்றார்கள் நபியவர்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. உள்ளத்தில் வந்துபோகும் ஊசலாட்டத்தை, அதைப் பேசாதவரை, செயலாக்காதவரை, என் உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உங்களைப் பார்த்து ஈமான் பலவீனம் என்று சொன்னவர் இவற்றைப் படித்திருக்க வேண்டும். அப்படியொரு வார்த்தையைச் சொல்லி ஒரு பெண்ணைத் தொழுகையை விட்டே விரட்டிவிட முடியும் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஒளுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நபியவர்கள் ‘முத்து’ என்ற அரபு அளவையில் ஒரு முத்துத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு அது, பெரும்பாலான கணக்குப்படி ஒரு லிட்டருக்கும் குறைவு. கிராமத்து அரபி ஒருவர் வந்து ஒளு எப்படி என்று கேட்டபோது மும்மூன்று தடவை கழுவிக் காட்டிவிட்டு, இதைவிட அதிகமாக்குகிறவர் தவறு செய்துவிட்டார், வரம்பு மீறிவிட்டார் என்றார்கள். தொழுகையில் காற்றுப் பிரிந்தது போலத் தோன்றுகிறது என்று ஒருவரைப் பற்றி முறையிட்டபோது, சத்தம் கேட்கும்வரை அல்லது வாடை வரும்வரை தொழுகையை விட்டுப் போகவேண்டாம் என்றார்கள். இதிலிருந்துதான், உறுதியாக இருப்பது சந்தேகத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹு சட்ட விதியே வந்தது. ரக்அத் கணக்கு மறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது, ஸஜ்தா ஸஹ்வு என்று மறதிக்காகவே இரண்டு ஸஜ்தா.

உங்கள் கணவர் துணி விஷயம். ஆம்பூரில் குடித்தனம் நடத்திக்கொண்டு தோலுக்குப் பயந்தால் எங்கே போவது சகோதரி! பதனிடப்பட்ட தோல் சுத்தமாகிவிட்டது என்று நபியவர்கள் சொன்னது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்தவர்கள்தான் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்லூரிகளையும் கட்டினார்கள். ஷாப்பிலிருந்து நேராகப் போய் அஸர் ஜமாஅத்தில் நின்றவர்கள் அவர்கள். அந்தத் துணியில் வருவது தோல் வாடை, ரசாயன வாடை. வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக ஒரு தடவை சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போடுங்கள். ரசாயனம் படுகிற வேலைத் துணிக்கு அது நல்லதுதான். இரண்டாவது தடவைதான் நோய்.

இவ்வளவு ஹதீஸையும் படித்ததும் உங்கள் மனம் லேசாகியிருக்கும். ஆனால் நாளை லுஹர் நேரத்தில், டாக்டர் சொன்னது ஹனஃபி மத்ஹபுக்குப் பொருந்துமா, அந்த ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசை சரியா, என் விஷயம் வேறாக இருந்தால் என்ன என்று நோய் உங்களிடம் பேச ஆரம்பிக்கும். அதற்குப் பதில் தேடி யூடியூபில் பயான் பார்ப்பீர்கள், ஆலிமாவிடம் கேட்பீர்கள், கணவரிடம் கேட்பீர்கள். ஒவ்வொரு பதிலும் இன்னொரு தடவை கழுவிய மாதிரிதான். அதனால்தான் இந்த ஆதாரங்களை இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு முறை எழுதுகிறேன். திரும்பக் கேட்டால் பதில் சொல்லமாட்டேன், அது இரக்கமில்லாமல் அல்ல.

உங்களுக்கு சட்டம் தெரியாததால் இந்த நிலைமை வரவில்லை. மதரஸாவில் ஓதியிருப்பீர்கள், ஒளுவின் ஃபர்ளு என்ற கட்டாயக் கடமை நான்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இந்த நோயுள்ளவர்களுக்கு மஸ்அலா, அதாவது மார்க்கச் சட்டம், மற்றவர்களைவிட அதிகமாகவே தெரியும். குறைவது சந்தேகத்தோடு சும்மா இருக்கும் பழக்கம். சந்தேகம் தீராமலேயே தொழப் போவது, அதைத்தான் சிகிச்சையில் கற்றுக்கொடுக்கிறோம்.

இங்கே மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஆண்கள் பள்ளிவாசலின் ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து ஒளு செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எப்படிச் செய்கிறார், எவ்வளவு சீக்கிரம் எழுந்துபோகிறார் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தொழுகை தொடங்குகிறது என்று இகாமத் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், எழுந்து ஓடியாக வேண்டும். பின்னால் ஒருவர் இடத்துக்காக நிற்பார். யாராவது திரும்பத் திரும்பக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தால், போதும் பாய் என்று ஒரு குரல் வந்துவிடும். நம் பகுதியில் பெரும்பாலான பெண்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. சாத்திய குளியலறையில் தனியாக நின்று செய்கிறோம். அடுத்த பெண் எப்படிச் செய்கிறாள் என்று பார்த்ததே இல்லை. நம்மை அவசரப்படுத்த இமாமும் இல்லை. மோட்டாரை நிறுத்த மாமியார் மட்டும்தான் இருக்கிறார். அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிகளை விட்டுத் தடுக்காதீர்கள் என்ற ஹதீஸை இந்தக் கோணத்திலும் நம் ஜமாஅத்துகள் யோசிக்கலாம். பெண்களுக்குத் தனி இடம் இருக்கும் பள்ளி பக்கத்தில் இருந்தால் ஒரு ஜும்ஆவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நாலு பெண்கள் சாதாரணமாக ஒளு செய்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதே உங்களுக்கு நல்லது.

அப்புறம், வீட்டின் சுத்தம் முழுவதையும் ஒரே பெண்ணின் தலையில் கட்டுவது. பிள்ளை மூத்திரம் போன பாய், கோழி கழுவிய தொட்டி, கணவரின் வேலைத் துணி, மாதவிலக்குக் குளிப்பு, முஸல்லா, மிஸ்வாக் வரைக்கும் எது பாக் (சுத்தம்), எது நாபாக் (அசுத்தம்) என்ற கணக்கு அவளுடையது. ஒரு துளி தவறினால் மொத்தக் குடும்பத்தின் தொழுகையும் கெட்டுவிடும் என்று சின்ன வயதிலேயே அவளுக்குச் சொல்லிவைக்கிறோம். உங்களுக்கு ஆரம்பத்தில், ரொம்பப் பேணுதலான மருமகள் என்று நல்ல பேர்கூடக் கிடைத்திருக்கும். அந்தப் பேர் கிடைத்த நேரத்தில்தான் யாராவது கவனித்து, இது கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று கேட்டிருக்க வேண்டும். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து உருது பேசும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணாக இருந்தால், மனதில் இருப்பதைச் சொல்லவே வார்த்தை கிடைக்காது. கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குப் போனவர் என்பதால் கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ இதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் இந்த வாரம் சொல்லுங்கள்.

இனி சிகிச்சை. இரண்டு வழிகள், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே செய்வோம்.

ஒன்று, பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும் பயிற்சி. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் ஓசிடி நோயாளிகளுக்கு இதைச் செய்து பலன் கண்டு எழுதினார். அதிலிருந்து வளர்ந்த இந்தப் பயிற்சி இன்று ஓசிடிக்கு முதல் வரிசை சிகிச்சைகளில் ஒன்று. முதல் சந்திப்புகளில் உங்களுக்குப் பயம் தரும் விஷயங்களை எழுதிப் பூஜ்ஜியத்திலிருந்து நூறுவரை மதிப்பெண் போடச் சொல்வோம். கணவர் துணியை ஒரே தடவை துவைத்துக் கொடியில் போடுவது நாற்பது என்றால் அங்கிருந்து ஆரம்பிப்போம். பள்ளிக்கூட பாத்ரூம் தொண்ணூறு என்றால் அது பிறகு. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, திரும்பக் கழுவாமல், யாரிடமும் கேட்காமல், அந்தப் பயத்தோடு அப்படியே இருக்க வேண்டும். முதலில் பயம் ஏறும், தாங்க முடியாது என்று தோன்றும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அது தானாகவே இறங்கும். நாளாக ஆக ஏறுவதே குறையும்.

நீங்கள் கேட்கப் பயப்படும் ஒரு கேள்வி இருக்கும், நானே சொல்கிறேன். ஒளு இல்லாமல் தொழு என்றோ, மார்க்கத்துக்கு மாறாக எதையாவது செய் என்றோ இந்தச் சிகிச்சையில் யாரும் சொல்லமாட்டார்கள். சாதாரண முஸ்லிம் ஒருவர் எப்படி ஒளு செய்வாரோ அந்த அளவுக்கு உங்களைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் நோக்கம். அந்த அளவு எது என்பதற்கு நீங்கள் மதிக்கும் ஓர் ஆலிமிடம், வேலூர் பாகியாத் மதரஸாவில் ஓதிய ஹஜ்ரத் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம், கணவரோடு போய் ஒரே ஒரு முறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வஸ்வாஸ் உள்ளவருக்கு என்று சொல்லிக் கேளுங்கள். சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் விடு என்றுதான் அவரும் சொல்வார். கி.பி. 934இல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர் கோபம், பயம், துக்கம் ஆகியவற்றோடு வஸ்வாஸையும் மனதின் நோயாக வைத்து, அதற்கு மருத்துவம் எழுதியிருக்கிறார். நம் முன்னோர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை.

சந்திப்புக்கு நாள் கிடைக்கும்வரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். குழாயடியில் ஒளு செய்வதை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் சொம்பு ஒன்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறவருக்கு ஒரேயடியாக அது கஷ்டமாக இருந்தால் முதல் வாரம் இரண்டு சொம்பு, அடுத்த வாரம் ஒன்றரை. கதவைத் திறந்து வையுங்கள். எண்ணி மூன்று தடவை, பிறகு அடுத்த உறுப்பு. காலைக் கழுவி முடித்ததும் சொம்பைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நடந்துவிடுங்கள். முழங்கை நனையவில்லை என்று மனம் சொல்லும். நனையாமல் இருந்திருக்கலாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு முஸல்லாவில் நில்லுங்கள். இந்த இருக்கட்டும் என்ற வார்த்தை வாயில் வர உங்களுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், எனக்குத் தெரியும். வரட்டும்.

தொழுகையைத் தொடங்கும் தக்பீர் ஒரே தடவை. சரியாகச் சொன்னேனா என்று தோன்றினாலும் கையைக் கட்டிவிட வேண்டும். அசிங்கமான எண்ணம் வந்தால் அதைத் துரத்தாதீர்கள், அதோடு வாதம் பண்ணாதீர்கள், நாற்பது தடவை அஊது என்ற பாதுகாப்பு துஆவைச் சொல்லிக் கழுவவும் பார்க்காதீர்கள். ஷைத்தான் இப்படிக் கேள்வி மேல் கேள்வியாகக் கொண்டுவந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுங்கள், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது ஹதீஸ். முதல் பாதியை எல்லோரும் செய்கிறோம், நிறுத்திக்கொள்வதை மறந்துவிடுகிறோம். எண்ணம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் ஃபாத்திஹாவை ஓதிக்கொண்டே போங்கள். எண்ணம் நின்ற பிறகு தொழலாம் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு மஃரிபிலிருந்தே ஆரம்பியுங்கள், ஃபர்ளு மூன்று ரக்அத் மட்டும் போதும். விட்டுப்போன தொழுகைகளின் கணக்கை இப்போது எடுக்காதீர்கள், எடுத்தால் நோய் அதிலும் புகுந்துகொள்ளும். குணமான பிறகு ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி மருந்து. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின், ஃப்ளூவோக்ஸமின் போன்ற மாத்திரைகள் பல வருடங்களாகப் பயன்பாட்டில் இருப்பவை. இவை தூக்க மாத்திரை கிடையாது, அடிமையாக்குவதும் இல்லை. ஓசிடிக்கு முழுப் பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அளவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம் வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரம் வயிற்றுப் புரட்டல், தலைவலி, கொஞ்சம் படபடப்பு வரலாம், போய்விடும். ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நன்றாக ஆனதும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். மகனுக்கு இன்னும் பால் கொடுக்கிறீர்கள் என்றாலும், அடுத்த குழந்தை பற்றி யோசித்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்ற மருந்து தேர்ந்தெடுக்க முடியும். ரமலானைப் பற்றிக் கவலை வேண்டாம், இவற்றில் பெரும்பாலானவை நாளுக்கு ஒரு வேளை மருந்துகள், ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ போட்டுக்கொள்ளலாம்.

தாயத்து பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. துஆ செய்யுங்கள், பெற்றவர்களிடம் துஆ கேளுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்று சொன்னவர்கள் நம் நபியவர்கள். ஓதிப் பார்க்கிறேன் என்று அடுத்தடுத்துக் காசு கேட்பவரிடம் இனிமேல் போகாதீர்கள்.

வீட்டாருக்கு. உங்கள் கணவரிடம் இந்தப் பத்திரிகையை அப்படியே கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒளு சரியாக இருந்ததா, இந்தத் துணி பாக்கா என்று நீங்கள் கேட்டால், ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. இது வஸ்வாஸ் கேட்கிற கேள்வி, பதில் சொல்லவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அன்பாகச் சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டும். இத்தனை நாள் சமாதானம் சொன்னது பாசத்தால்தான், அதனால் நோய்தான் வளர்ந்தது என்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டும். மாமியார் மோட்டாரை நிறுத்துவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். சோப்பு நுரையோடு பாதியில் நிற்கும்போது வரும் பதற்றம் உங்களை அடுத்த வேளை இன்னும் முன்கூட்டியே தண்ணீர் பிடித்துவைக்கத்தான் வைக்கும். தண்ணீர் வராத நாளும் உண்டு என்ற ஊரில் அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அவர் நோயிடம் காட்டட்டும், உங்களிடம் வேண்டாம்.

மகளைப் பற்றி. நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஏழு வயதில் அம்மா செய்வதைப் பார்த்துச் செய்வதும் சகஜம். அவளைத் திட்டாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அம்மாவுக்கு வஸ்வாஸ் நோய் வந்திருக்கிறது, அதனால் அதிகமாகக் கழுவுகிறேன், டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். பிள்ளைகள் இதை நன்றாகவே வாங்கிக்கொள்வார்கள். அவளுக்கும் கழுவாவிட்டால் அழுகை, பள்ளிக்கூடத்துக்குத் தாமதம், தூங்கும்போது கேள்விமேல் கேள்வி என்று இருந்தால் அவளையும் கூட்டிவாருங்கள். சின்ன வயதில் பயிற்சி நன்றாகப் பலன் தரும்.

பாகாயம் பயத்துக்கு வருவோம். அங்கே இருக்கும் சிஎம்சி மனநல மையத்துக்கு எங்கெங்கிருந்தோ ரயில் ஏறி வருகிறார்கள், நாம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்துகொண்டு ஊர் வாய்க்குப் பயப்படுகிறோம். அது வேண்டாம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாள் எது என்றும் விசாரிக்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் சொல்லாமல் உறவுக்காரர் யாருக்கும் மருத்துவமனை சொல்லக்கூடாது. மகளின் கல்யாணத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருக்கிறது. அதுவரை மூடிவைத்து, அம்மா குழாயடியைவிட்டு வராத வீட்டில் அவள் வளர்வதா நல்லது?

நேரில் போக முடியாத நாளில், அல்லது செத்துவிடலாம் போல இருக்கிறது என்ற எண்ணம் எந்த நேரத்தில் வந்தாலும், டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நேரம் கழுவுவதில் போகிறது, எதையெல்லாம் செய்யாமல் தவிர்க்கிறீர்கள், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். எண்ணங்களை வாயால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அல்லாஹ்வைப் பற்றித் தகாத எண்ணங்கள் வருகின்றன என்று எழுதினால் போதும், டாக்டருக்குப் புரியும். ஆண் டாக்டரிடம் பேசத் தயக்கம் என்றால் சீட்டுப் போடும் இடத்திலேயே பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். கணவருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்றால் கூட்டம் குறைவாக இருக்கக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், ஜும்ஆவுக்கு முன்னால் சீட்டு வாங்கிவிடலாம்.